கறுப்புத் திரையில் நாலு எழுத்து

வாழைச்சேனையில் பிளேன்ரீ வந்தால், சீனியை உள்ளங்கையில் கொட்டிய பிறகுதான் பேச்சுத் தொடங்கும். அன்று மருமகன் மேசையில் வைத்தது ஒரு பழைய லப்டொப். கறுப்புத் திரை. அப்படியொரு பகிர்வே (வன்தட்டின் பிரிவே) இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே ‘க்ரப் ரெஸ்கியூ’.

“கடையில கொடுத்துப் பாத்தன் மாமா. டிஸ்க்க முழுசா அழிச்சுத்தான் போடணுமாம்.”

“பொறு மருமகன். எங்க நிக்கிறன் எண்டு அது சொல்லுது, கேப்பம்.”

சுவிட்சைத் தட்டும்போது கணினிக்கு விண்டோஸ் என்றொன்று இருப்பதே தெரியாது. முதலில் பயோஸ் விழித்து, நினைவகமும் விசைப்பலகையும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்க்கும். பிறகு வன்தட்டின் முதல் துண்டை, வெறும் 512 பைட்டை, நினைவகத்தில் தூக்கி வைத்து ‘இனி உன் பாடு’ என்று ஒதுங்கிவிடும். அதிலும் 64 பைட்டு பகிர்வுக் கணக்குக்கு, 2 முடிவு அடையாளத்துக்கு. நிரலுக்கு மிஞ்சுவது 446. யூனிகோட் தமிழில் எழுதினால் இரண்டு வரி தேறும். அதற்குள் அடுத்த நிரலைத் தேடிப் பிடிக்கவும் வேண்டும், தோற்றால் காரணம் சொல்லவும் வேண்டும். முறைப்பாகத்தானே பேசும்?

முன்பு லினக்ஸை எழுப்ப லிலோ என்றொரு ஏற்றி இருந்தது. படி தாண்டத் தாண்டத் தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் போடும். ‘எல்’ மட்டும் நின்றால், இரண்டாம் கட்டத்தை எடுக்க முடியவில்லை. ‘எல்ஐ’ என்றால், எடுத்தும் ஓடவில்லை. நான்கும் வந்தால் சுகம். பிழைச்செய்தியில் இதைவிடச் சிக்கனத்தை நான் கண்டதில்லை.

“அண்மையில எதையும் அழிச்சியா?”

“இடம் காணாம, லினக்ஸ் இருந்த பகுதிய விண்டோஸில நிண்டு அழிச்சன்.”

அதுதான் கதை. முதல் துண்டிலும் அதை ஒட்டிய இடத்திலும் லினக்ஸின் ஏற்றியான க்ரப்பின் தலை மிஞ்சியிருக்கிறது, உடம்பு அழித்த பகிர்வோடு போய்விட்டது. விண்டோஸும் அவன் படங்களும் இருந்த இடத்திலேயே பத்திரம். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் எழுப்பி, ‘பூட்ரெக்’ கட்டளையை ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ சேர்த்துக் கொடுத்தோம். அது முதல் துண்டின் நிரலை மட்டும் மாற்றி எழுதும், பகிர்வுக் கணக்கைத் தொடாது. (பயோஸுக்குப் பதில் யூஈஎஃப்ஐ உள்ள புதிய கணினிகளில் ஏற்றி தனிப் பகிர்வில் ஒரு கோப்பாகவே இருக்கும். இந்த மருந்து அங்கே பிடிக்காது.)

விண்டோஸ் எழும்பியது. மூலையில் திகதி மட்டும் 2009 என்று காட்டியது. தாய்ப்பலகையின் வட்டப் பற்றரி முடிந்திருந்தது. அதற்கு இன்னொரு பிளேன்ரீ சொன்னோம்.