டைரக்டரி சர்வரை நிறுவுதல்: பொறுப்பு யாருடையது?

கொச்சி நகரைச் சேர்ந்த மட்டாஞ்சேரி, மிளகு, சுக்கு, ஏலம் முதலிய சரக்குகளின் வாணிபத்திற்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. பண்டகசாலையில் சரக்கு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியமானது பேரேடு. எந்த மூட்டை யாருடையது, அதை எடுத்துச் செல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பவற்றைப் பேரேடே கூறும். பல கணிப்பொறிகள் இணைக்கப்பட்டுள்ள பள்ளி, மருத்துவமனை, அலுவலகம் ஆகியவற்றிலும் இத்தகைய பேரேடு ஒன்று தேவைப்படுகிறது. உபயோகிப்போரின் பெயர், கடவுச்சொல், அவரவர்க்குரிய அதிகாரம் ஆகியவற்றை ஓரிடத்தில் காத்து, கேட்கும் கணிப்பொறிகளுக்கெல்லாம் விடை கூறும் மென்பொருளே டைரக்டரி சர்வர் எனப்படுகிறது.

இதற்கான சர்வதேச விதிமுறை எக்ஸ்.500 என்னும் பெயரில் 1988-ல் வெளியாயிற்று. அது சிறிய கணிப்பொறிகளுக்குப் பெருஞ்சுமையாக இருந்தது. ஆகவே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸ் முதலியோர் எளிய முறையொன்றை வகுத்தனர். 1993-ல் விதிமுறையாக வெளிவந்த அதுவே எல்டாப். நெட்ஸ்கேப் நிறுவனம் இம்முறையில் இயங்கும் சர்வர் ஒன்றை 1996-ல் வெளியிட்டது. அதன் உரிமையை 2004-ல் ரெட் ஹாட் நிறுவனம் வாங்கி, மறு ஆண்டு மூலநிரலை யாவரும் காணும்படி திறந்துவிட்டது. 2009 முதல் அம்மென்பொருள் ‘389 டைரக்டரி சர்வர்’ என வழங்குகிறது. எல்டாப் முறைக்கென ஒதுக்கப்பட்ட போர்ட் எண் 389 என்பதே இப்பெயருக்குக் காரணம்.

ஆதரவு என்பதன் பொருள்

லினக்ஸ் ஒன்றே ஆயினும், அதைத் தொகுத்து வழங்குவோர் பலர். இத்தொகுப்புகள் ஒவ்வொன்றிலும் நூலக நிரல்களின் பதிப்பும், கோப்புகள் இருக்குமிடமும் வேறுபடுகின்றன. 389 சர்வரை உருவாக்குவோர் முதன்மையாக ஃபெடோரா, ரெட் ஹாட் தொகுப்புகளிலேயே அதைச் சோதித்துப் பார்க்கின்றனர். அவற்றின் பொதிகள் ஆர்.பி.எம். வகையைச் சேர்ந்தவை. டெபியன் குடும்பத்துத் தொகுப்புகளோ ‘டெப்’ வகைப் பொதிகளையே ஏற்கும். ஒரு தொகுப்பில் மென்பொருளுக்கு ஆதரவு இல்லை என்றால், அதில் அது இயங்காது என்பது பொருளன்று. இயங்காவிடில் கேட்பதற்கு எவருமில்லை என்பதே பொருள்.

கேரளத்திற்கு இது வெறும் ஏட்டுப் பிரச்சினை அன்று. அம்மாநில அரசின் கைட் நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென ஒரு லினக்ஸ் தொகுப்பைத் தயாரித்து வழங்குகிறது. உபுண்டுவோ டெபியனிலிருந்து தோன்றியது. டெபியன் திட்டத்தின் உலக மாநாடு 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை கொச்சியிலேயே நடைபெற்றது. இக்குடும்பத்தில் 389 சர்வருக்கான பொதிகளைப் பெரும்பாலும் தொண்டர்களே பேணி வருகின்றனர். மட்டாஞ்சேரிப் பள்ளி ஒன்று தன் மாணவர்களுக்கெல்லாம் ஒரே பேரேட்டை அமைக்க விரும்பினால், அது முதலில் நாட வேண்டியது இப்பொதிகளையே. பொதி கிடைக்காதபோதும், கிடைப்பது மிகப் பழையதாக இருக்கும்போதும்தான் வேறு வழி தேட வேண்டும்.

இரண்டு வழிகள்

முதல் வழி, ஏலியன் என்னும் கருவியைக் கொண்டு ஆர்.பி.எம். பொதியை டெப் பொதியாக மாற்றுவது. இது எளிதாகத் தோன்றினும் அபாயமுள்ளது. பொதியின் உறை மாறுகிறதே அன்றி உள்ளிருக்கும் நிரல் மாறுவதில்லை. அது எதிர்பார்க்கும் சி நூலகமோ, மறைக்குறி நூலகமோ வேறு பதிப்பினதாயின் சர்வர் எழும்பாது.

இரண்டாவது வழி, மூலநிரலைப் பெற்று அதே கணிப்பொறியில் தொகுப்பது. இதற்கு சி மொழித் தொகுப்பியும், அண்மைப் பதிப்புகளுக்கு ரஸ்ட் மொழித் தொகுப்பியும் வேண்டும். ‘கன்ஃபிகர்’ என்னும் சோதனை நிரல் இல்லாத நூலகங்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டும். அவற்றை நிறைவு செய்தபின் ‘மேக்’ கட்டளை தொகுப்பு வேலையை நடத்தும். விளைவைத் தனி அடைவு ஒன்றில் நிறுவுவது நன்று. அவ்வாறு செய்தால் தொகுப்பின் சொந்தக் கோப்புகளோடு மோதல் நேராது.

நிறுவிய பின்னரும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கணிப்பொறிக்கு முழுப் பெயர் இடப்பட்டிருக்க வேண்டும். சர்வர், தலைமை அதிகாரமுள்ள கணக்கில் இயங்காது, தனக்கெனப் படைக்கப்பட்ட சாதாரணக் கணக்கில் இயங்க வேண்டும். மறைக்குறியிடப்படாத இணைப்பில் கடவுச்சொல் அப்படியே செல்லுமாதலால், 636 எண்ணுள்ள பாதுகாப்பான போர்ட்டை உபயோகிப்பது அவசியம்.

நிறுவியவரின் கடமை

உண்மையான சோதனை இதன் பின்னரே தொடங்குகிறது. 2021-ல் 389 சர்வரில் ஒரு குறை வெளிப்பட்டது. யூனிக்ஸ் வழக்கப்படி, ஒரு கணக்கை முடக்குவதற்குக் கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறி இடுவதுண்டு. அக்குறி அப்படியே பேரேட்டிற்குள் ஏற்றப்பட்டால், முடங்கியிருக்க வேண்டிய கணக்கு எந்தக் கடவுச்சொல்லையும் ஏற்றுக் கொண்டது! பழைய கணிப்பொறிகளின் பெயர்ப் பட்டியலைப் புதிய சர்வருக்கு மாற்றும் எவருக்கும் இது நேரக்கூடியதே. ஆதரவு பெற்ற தொகுப்புகளில் திருத்தம் பொதியாக வந்து சேர்ந்தது. தாமே தொகுத்து நிறுவியவர்கள் செய்தியைத் தாமே அறிந்து, புதிய மூலநிரலைப் பெற்று, மீண்டும் தொகுக்க வேண்டியிருந்தது. அதை அறியாதவரின் பேரேடு திறந்தே கிடந்திருக்கும்.

ஆதலால், ஆதரவில்லாத தொகுப்பில் இதை நிறுவ முற்படுவோர் மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும். முதலாவது, தொகுத்த முறையைப் படிப்படியாக எழுதி வைப்பது. எழுதியவர் மாற்றலாகிப் போனாலும் அடுத்தவர் அதைத் தொடர முடியும். இரண்டாவது, பாதுகாப்பு அறிவிப்புகளைத் தவறாமல் படிக்கும் வேலையைக் குறிப்பிட்ட ஒருவரிடம் ஒப்படைப்பது. மூன்றாவது, பேரேடு முழுவதையும் எல்டிஃப் என்னும் எளிய எழுத்து வடிவில் அவ்வப்போது பிரதி எடுத்து வேறிடத்தில் வைப்பது. எல்டாப் முறையைப் பின்பற்றும் பிற சர்வர்களும் இவ்வடிவை வாசிக்கக்கூடியன. எனவே ஒரு சர்வரைக் கைவிட நேரினும், சிறு மாறுதல்களோடு பேரேட்டை மற்றொன்றில் ஏற்றிக் கொள்ளலாம்.

மூலநிரல் திறந்திருப்பதால், எத்தொகுப்பிலும் ஒரு மென்பொருளை இயக்கிப் பார்க்கும் சுதந்திரம் சிறிய பள்ளிக்கும் கிடைத்துள்ளது. பேரேட்டைக் காக்கும் பொறுப்பும் அச்சுதந்திரத்தோடு சேர்ந்தே வருகிறது. அதை ஏற்க ஆளில்லாத இடத்தில், சற்றுப் பழையதாயினும் தொகுப்பிலேயே கிடைக்கும் பொதியைக் கொண்டு அமைவதே விவேகம்.