மரம் அறுக்கும் மிஷின்: கை பத்திரம்



ஆயக்குடி கொய்யாத் தோப்புகளிலும் மாந்தோப்புகளிலும் கிளை கழிக்க இப்போது செயின் ரம்பம் வந்துவிட்டது. அரிவாளைவிட வேலை சுருக்கம்; ஆபத்தோ அதிகம்.

பிளேடு நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டால், கண் இமைப்பதற்குள் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். எனவே:

• நுனியால் அறுக்காதீர்கள். இரு கைகளாலும் இறுகப் பிடியுங்கள்.

• ஏணியில் நின்றோ, தோளுக்கு மேல் தூக்கியோ அறுக்காதீர்கள்.

• செயின் பிரேக் போட்டு, தரையில் வைத்தே ஸ்டார்ட் செய்யுங்கள்.

• கைலி வேண்டாம். பேன்ட், ஷூ, கண்ணாடி, ஹெல்மெட், காதடைப்பு அவசியம்.

• மின்கம்பி அருகே என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லாமல் தொடாதீர்கள்.

பராமரிப்பு: சீவலுக்குப் பதில் தூள் விழுந்தால் செயின் மழுங்கிவிட்டது, அரம் போடுங்கள். மழுங்கிய செயினை அழுத்தி அறுக்கும்போதுதான் கை தவறும். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் செயின் ஆயிலும் நிரப்புங்கள். இன்ஜின் ஆறிய பிறகே ஊற்றுங்கள். செயின் பிளேடை ஒட்டியும், கையால் இழுத்தால் ஓடும்படியும் இருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு, கையுறை போட்டே பாருங்கள்.

வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி 108-ஐ அழையுங்கள்.

கூலிக்கு அறுக்க வருபவருக்கும் ஷூவும் ஹெல்மெட்டும் வாங்கிக் கொடுங்கள். அவர் கையும் அல்லாஹ் தந்த அமானிதம்தான். அதை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது.