கடைசி இடம் வந்தால் லீக்கை விட்டே போகணுமா? 'ரெலிகேஷன்' என்றால் என்ன?

2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 போட்டிகளில் 4-ல் மட்டும் ஜெயித்து, முதல்முறையாகப் புள்ளிப் பட்டியலில் கடைசி இடத்துக்குப் போனது. ஆனாலும் அடுத்த சீசனில் சிஎஸ்கேவின் இடத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. இதுவே இங்கிலாந்து கால்பந்து லீக்காக இருந்தால், கதையே வேற!

ரெலிகேஷன் என்றால் என்ன?

சீசன் முடிவில் கடைசி இடங்களில் இருக்கும் அணிகளைக் கீழ்ப்பிரிவு லீக்குக்கு இறக்குவதுதான் ரெலிகேஷன். தமிழில் 'தரமிறக்கம்' எனலாம். கீழ்ப்பிரிவில் ஜெயித்தவர்கள் மேலே வருவது 'புரொமோஷன்'.

பிரீமியர் லீக்கில் 20 அணிகள். கடைசி மூன்று அணிகள் கீழே போகும். 2016-ல் சாம்பியனான லெஸ்டர் சிட்டியே 2023-ல் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டே மேலே வந்தது, 2025-ல் மறுபடியும் இறங்கியது.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீன் மொழியில் 'ரெலிகாரே' என்றால் 'அப்பால் அனுப்புதல்'. பழைய ரோமில் 'ரெலிகாஷியோ' ஒரு தண்டனை. ஊரை விட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் குடியுரிமையும் சொத்தும் பறிபோகாது. கவிஞர் ஓவிடை கி.பி. 8-ல் பேரரசர் அகஸ்டஸ் கருங்கடல் ஓரத்து தோமிஸுக்கு அனுப்பியது இப்படித்தான்.

விளையாட்டிலும் அதே கதைதான். அணியின் பெயர், மைதானம், ரசிகர்கள் எல்லாம் அப்படியே இருக்கும். இடம் மட்டும்தான் மாறும். ஓவிட் கடைசிவரை ரோமுக்குத் திரும்பவில்லை; அணிக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது.

எப்போது தொடங்கியது?

இங்கிலாந்தில் கால்பந்து லீக் 1888-ல் 12 அணிகளுடன் தொடங்கியது. 1892-ல் இரண்டாம் பிரிவு வந்தது. முதலில் தனிப் போட்டிகள் வைத்துத்தான் யார் மேலே, யார் கீழே என்று முடிவு செய்தார்கள். புள்ளிப் பட்டியலை வைத்தே நேரடியாக இறக்கும் முறை 1898-99 சீசனில் வந்தது.

இந்தியாவில் இருக்கிறதா?

இருக்கிறது. ரஞ்சி கோப்பையில் எலைட், பிளேட் என இரு பிரிவுகள். இருமுறை சாம்பியனான ஹைதராபாத் 2022-23 சீசனில் சறுக்கி பிளேட்டுக்கு இறங்கியது. அடுத்த சீசனிலேயே பிளேட் கோப்பையை வென்று திரும்பியது. ஐ-லீக் கால்பந்திலும் 2022-23-ல் சுதேவா டெல்லி, கென்க்ரே அணிகள் இறக்கப்பட்டன.

ஐபிஎல்லில் ஏன் இல்லை?

ஐபிஎல், டிஎன்பிஎல் இரண்டும் உரிமையாளர்கள் பணம் கொடுத்து இடம் வாங்கும் லீக்குகள். கீழ்ப்பிரிவு என்று ஒன்றே கிடையாது. அதனால் புளியங்குடியில் ஒரு டீம் எத்தனை டோர்னமென்ட் ஜெயித்தாலும், அந்த வெற்றியை வைத்தே டிஎன்பிஎல்லுக்குள் நுழைய முடியாது. கீழே இறங்கும் பயம் இல்லாத இடத்தில், மேலே ஏறும் ஏணியும் இருக்காது.

வெளியேற்றம் வேறு, தரமிறக்கம் வேறு

பிளே-ஆஃப் வாய்ப்பை இழப்பது 'வெளியேற்றம்'. அது அந்த சீசனோடு சரி. தரமிறக்கம் என்றால், அடுத்த சீசனையே கீழ்ப்பிரிவில் ஆட வேண்டும். டிவி வருமானம் குறையும், நல்ல வீரர்கள் கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் இங்கிலாந்தில் 17-வது இடத்துக்கு நடக்கும் சண்டையையும் ரசிகர்கள் நகம் கடித்துக்கொண்டு பார்க்கிறார்கள்.