பாவாடை தைக்கப் பயம் எதற்கு?

"துணியில் கத்தரி வைக்கவே கை நடுங்குகிறது!"

தையல் பழகாத தாய்மார்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. தையல் கோணலாகிவிட்டால், பிரித்துவிட்டு மறுபடியும் தைக்கலாம். வெட்டிய துணியை மறுபடியும் ஒட்டவைக்க முடியுமா?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. பொங்கலுக்கு மகளுக்குப் பாவாடை தைப்பதற்காக, தாயார் பூப்போட்ட துணி ஒன்றை ஆசையாக வாங்கி வந்தார். குழந்தையை நிற்க வைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்தார். 24 அங்குலம் இருந்தது. துணியையும் சரியாக 24 அங்குலத்தில் வெட்டிவிட்டார். மேலே எலாஸ்டிக்குக்காக மடித்தார். கீழே ஓரம் மடித்தார். பாவாடையில் ஏறக்குறைய 3 அங்குலம் குறைந்து போயிற்று! ஒரு தடவை துவைத்ததும் இன்னும் ஓர் அங்குலம் ஏறிவிட்டது.

குழந்தை அழவில்லை. "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, பாவாடையை இரண்டு கையாலும் கீழே இழுத்து விட்டுக்கொண்டே வெளியே போயிற்று. அதைத்தான் அந்தத் தாயால் தாங்க முடியவில்லை. அதன் பிறகு அவர் கத்தரியைத் தொடவே இல்லை.

அவர் செய்த தவறுகள் மூன்று. மடிப்புக்குத் துணி விடவில்லை. துணியை முதலில் நனைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் வெட்டையே துணியில் வெட்டினார். முதல் வெட்டு காகிதத்தில் விழுந்திருந்தால், நஷ்டம் ஒரு பழைய தாளோடு போயிருக்கும்!

காகிதம் விற்ற தையற்காரர்

காகிதத்தில் மாதிரி வெட்டிப் பார்ப்பது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்று ஓர் ஊர். அங்கே எபினேசர் பட்டரிக் என்ற தையற்காரர் இருந்தார். சிறியவர், பெரியவர் என்று உடல் அளவுக்குத் தகுந்தபடி காகித மாதிரிகளை வெட்டி, 1863-ம் ஆண்டில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதலில் ஆண்கள், சிறுவர்கள் உடுப்புகளுக்கான மாதிரிகளே வந்தன. பிறகு பெண்கள் உடுப்புகளுக்கும் வந்தன. தையற்காரரிடம் போக வசதியில்லாத குடும்பங்களும் வீட்டிலேயே அளவாகத் தைத்துக்கொள்ள வழி பிறந்தது.

நாம் மாதிரியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வீட்டில் பழைய பத்திரிகைத் தாள் இருக்கிறதே, அது போதும்!

எவ்வளவு துணி வேண்டும்?

இடுப்பு 21 அங்குலம், உயரம் 24 அங்குலம் உள்ள ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். கணக்கு இதுதான்:

பாவாடையின் உயரம் – 24 அங்குலம்.
மேலே எலாஸ்டிக் நுழையும் மடிப்புக்கு – 1¼ அங்குலம்.
கீழ் ஓர மடிப்புக்கு – 1½ அங்குலம்.
இரண்டு டக் பிடிப்பதற்கு – 4 அங்குலம்.

மொத்தம் 30¾. அதை 31 என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 அங்குல அகலமுள்ள துணியில் இப்படி இரண்டு துண்டுகள் வேண்டும். அதாவது 62 அங்குலம். 1¾ மீட்டர் வாங்கினால் ஏறக்குறைய 69 அங்குலம் கிடைக்கும். சுருங்குவதற்கும், கோணலைச் சரி செய்வதற்கும் மீதி உதவும்.

உங்கள் குழந்தையின் உயரம் வேறாக இருந்தால், 24-க்குப் பதிலாக அந்த எண்ணைப் போட்டுக் கூட்டுங்கள். மற்ற மூன்றும் மாறாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பருத்தித் துணியே நல்லது. வழுக்கும் துணி கைக்கு அடங்காது.

முதலில் தண்ணீர், பிறகு காகிதம்

துணியை இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் உலர்த்தித் தேய்த்துக்கொள்ளுங்கள். சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கிவிடும். சாயம் போகிற துணியா என்பதும் தெரிந்துவிடும்.

பிறகு பத்திரிகைத் தாள்களைப் பசை போட்டு ஒட்டுங்கள். 31 அங்குல நீளம், 18 அங்குல அகலம் இருக்கும்படி வெட்டுங்கள். துணியை அகலத்தில் இரண்டாக மடித்தால் 18 அங்குலம்தானே? அதற்காகத்தான் இந்த அளவு.

உடனே துணியை எடுத்துவிடாதீர்கள்! தைக்கப்போகும் மடிப்புகளை எல்லாம் காகிதத்திலேயே மடித்துக் குண்டூசி குத்துங்கள். குழந்தையை அழைத்து, இடுப்பில் வைத்துப் பாருங்கள். காகிதம் கணுக்காலைத் தொடுகிறதா? தொட்டால் உங்கள் கணக்கு சரி. தொடாவிட்டால் இன்னொரு தாள், அவ்வளவுதான்.

இனிக் கத்தரி

துணியின் கரையைக் கரையோடு சேர்த்து மடித்துத் தரையில் விரியுங்கள். மாதிரியை மேலே வைத்து, மெல்லிய சோப்புத் துண்டினால் கோடு போடுங்கள். அச்சு மை துணியில் ஒட்டும். ஆகவே வெளிர் நிறத் துணியானால் இடையில் வெள்ளைத் தாள் ஒன்றை வையுங்கள். வெட்டும் இடத்தில் குறுக்கு இழை ஒன்றை மெதுவாக உருவினால் நேர்க்கோடு தெரியும். அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள்.

1. இரண்டு துண்டுகளையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, இரு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். கரைப் பக்கமானதால் நூல் பிரியாது.

2. கீழ் ஓரத்தை அரை அங்குலம் மடித்து, மறுபடியும் ஓர் அங்குலம் மடித்துத் தையுங்கள்.

3. ஓரத்துக்கு மேலே 4 அங்குலம் விட்டுத் துணியைச் சுற்றிலும் மடியுங்கள். மடிப்பின் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளித் தையுங்கள். இதுதான் டக். அதற்கு மேலே 3 அங்குலம் விட்டு இன்னொரு டக். இரண்டையும் நீளத் தையலாகப் போடுங்கள். பிறகு பிரிக்க எளிது.

4. மேல் ஓரத்தைக் கால் அங்குலமும், பிறகு ஓர் அங்குலமும் மடித்துத் தையுங்கள். 2 அங்குலம் மட்டும் தைக்காமல் விடுங்கள். முக்கால் அங்குல அகலமுள்ள எலாஸ்டிக்கை இடுப்பு அளவுக்கே வெட்டி, ஒரு நுனியில் ஊக்கு மாட்டி அந்த வழியாக நுழைத்து எடுங்கள். இரு நுனிகளையும் ஓர் அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்த பிறகு திறப்பை மூடுங்கள்.

எலாஸ்டிக் இல்லாவிட்டால் நாடா கோக்கலாம். ஆனால் இறுக்கிக் கட்டாதீர்கள். இறுக்கிய நாடா இடுப்பில் கறுப்பும் புண்ணும் உண்டாக்கும்.

தையல் மெஷின் இல்லையே என்று கவலை வேண்டாம். பக்கத் தையலுக்கு, ஒவ்வொரு தடவையும் ஊசியைச் சிறிது பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் பின்தையல் போடுங்கள். கெட்டியாக நிற்கும்.

வளரும் பாவாடை

டக் வெறும் அழகுக்கு அல்ல. பள்ளிக்கூட வயதில் குழந்தையின் உயரம் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 6 சென்டிமீட்டர் கூடுகிறது. ஒரு டக்கைப் பிரித்தால் 2 அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர் இறங்கும். இரண்டு டக், இரண்டு ஆண்டு! பிரித்த இடம் மட்டும் நிறம் மங்காமல் கோடாகத் தெரியும். அதன்மேல் லேஸோ ரிப்பனோ வைத்துத் தைத்துவிட்டால் புதிய பாவாடை போல இருக்கும்.

அது சரி, அந்தப் பொங்கல் பாவாடை என்ன ஆயிற்று?

அதைக் காப்பாற்றவும் வழி இருந்தது. கீழ் மடிப்பைப் பிரித்து, நனைத்து உலர்த்திய வேறொரு துணியில் 5 அங்குல அகலப் பட்டை வெட்டி இணைத்தால், 4 அங்குல உயரம் கிடைக்கும். இதைச் சொன்னதும் அந்தத் தாய் பெட்டியிலிருந்து பாவாடையை எடுத்து வந்தார். பட்டைக்கு என்ன நிறம் என்று மகளையே கேட்டார். "சிவப்பு" என்றாள் மகள். முதலில் காகிதத்தில் வெட்டினார்கள். பிறகு துணியில் வெட்டினார்கள். ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்தது.

மறுநாள் அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டு குழந்தை தெருவில் ஓடிற்று. இரண்டு கைகளும் வீசி ஓடிற்று. பாவாடையை இழுத்து விட்டுக்கொள்ளவே இல்லை!