மறதிக்கு என்ன விலை?

சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் மறைமலைநகருக்கு அடுத்த நிலையம் சிங்கப்பெருமாள் கோயில். குன்றைக் குடைந்த குகைக்குள்ளே நரசிம்மர் எழுந்தருளியிருக்கிறார். அவரைச் சுற்றி வர வேண்டுமானால் அந்தக் குன்றையே சுற்றி வர வேண்டும்!

பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் தவிர, முதியோர் இல்லங்களைத் தேடியும் இந்தப் பாதையில் குடும்பங்கள் வருகின்றன. தாம்பரம் தாண்டிவிட்டால் நகரத்தைவிட மனை விலை குறைவு. ரயில் வசதியும் உண்டு. ஆகவே இல்லங்களும் பெருகிவிட்டன. தேடி வருகிறவர்களில் ஒரு சாராருக்கு மட்டும் தனிக் கவலை.

மாமியாருக்குக் காலையில் சாப்பிட்டது ஞாபகமில்லை. என்றோ காலமான கணவர் இன்னும் ஆபீஸிலிருந்து திரும்பவில்லையே என்று சாயங்காலமானால் தெருவில் இறங்கிவிடுகிறார். இரவில் தூக்கமில்லை. அவரைக் காவல் காப்பதற்காக மருமகள் வேலையை விட்டாயிற்று. இது எந்த வீட்டுக் கதை என்கிறீர்களா? பல வீட்டுக் கதை. டாக்டர்கள் டிமென்ஷியா என்று சொல்லும் இந்த மறதி நோய், நம் நாட்டில் அறுபது வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேலாகவே இருக்கிறது என்று 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மொத்தத்தில் 88 லட்சம் பேர்!

மறதி நோய்க்கென்று தனிப் பராமரிப்பு நடத்தும் இல்லத்தில் மாதக் கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். சாதாரண இல்லத்தைவிட ஏன் இத்தனை அதிகம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு பணியாள் 48 மணி நேரம் வேலை செய்தால், இரவு பகலாக ஒருவர் அருகில் இருக்க மூன்றரை ஆள் சம்பளம் வேண்டும். ஐந்து முதியவர்களை ஒருவர் கவனித்தால், தலைக்கு முக்கால் ஆள் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. பத்துப் பேரை ஒருவர் கவனித்தால் அதில் பாதிதான். ஆகவே நாம் பணம் கொடுப்பது கட்டடத்துக்கோ பளிங்குத் தரைக்கோ அல்ல, மனிதர்களின் நேரத்துக்கு. ஆள் குறைவு, கட்டணம் மட்டும் அதிகம் என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

"வீட்டில் வைத்துக்கொண்டால் செலவே இல்லையே!" என்பார் உறவினர். அப்படியா? இந்நோயால் நம் நாட்டுக்கு ஆகும் செலவு ஆண்டுக்குச் சுமார் 14,700 கோடி ரூபாய் என்று 2010-இல் ஓர் அறிக்கை மதிப்பிட்டது. அதில் பாதிக்கு மேல் குடும்பத்தார் சம்பளமில்லாமல் செய்யும் உழைப்பின் மதிப்பு. அந்த உழைப்பு பெரும்பாலும் யாருடையது என்பதைச் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டுமா? விட்ட வேலை, கெட்ட தூக்கம், வந்த முதுகுவலி இவற்றை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் யாரும் எழுதுவதில்லை.

சரி, கொடுத்த பணத்துக்குப் பலன் உண்டா? நோய் குணமாகாது. குணப்படுத்துவதாக யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் படபடப்பும் கூச்சலும் குறையலாம். பிரிட்டனில் 69 இல்லங்களில் 847 பேரை வைத்து ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒவ்வொருவரின் பழைய வாழ்க்கையையும் அறிந்து பழகப் பணியாளருக்குப் பயிற்சி தந்தார்கள். வாரம் ஒரு மணி நேரம் அவரவருக்குப் பிடித்த பேச்சும் பொழுதுபோக்கும் ஏற்பாடு செய்தார்கள். முடிவு 2018-இல் வெளியாயிற்று. முதியோரின் படபடப்பு குறைந்தது, வாழ்வின் தரம் உயர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், மொத்தச் செலவும் வழக்கமான பராமரிப்பைவிடக் குறைவாகவே ஆயிற்று!

இதற்கு மாறாக, சத்தம் போடுகிறார் என்று மனநோய் மருந்து கொடுத்து அடக்குவது ஆபத்து. இத்தகைய மருந்துகளால் மறதி நோயாளிகளுக்கு மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துத் துறை 2005-இலேயே எச்சரித்தது.

பொழுதுபோக்கு என்றதும் புதிதாக ஏதோ விளையாட்டு என்று எண்ண வேண்டாம். பெயர் மறந்த பாட்டியின் விரல்கள் மல்லிகை தொடுக்க மறப்பதில்லை. கீரை ஆய்வது, பழைய பாட்டுக்குத் தாளம் போடுவது, கைபிடித்துக் கோயிலுக்கு அழைத்துப் போவது எல்லாம் செலவில்லாத வைத்தியம். ஆனால் கூட இருக்க ஓர் ஆள் வேண்டும்.

இல்லத்துக்கு முன்னால் வேறு படிகளும் உண்டு. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, பி-12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாக வேஷம் போடும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தோற்றுவித்த 'ஸ்கார்ஃப்' நிறுவனம் மறதி நோய்க்கும் சேவை செய்கிறது. கோவாவில் 81 குடும்பங்களைக் கொண்டு நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு தேடி அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது. வீட்டிலேயே சமாளிக்க முடிந்தவர்களுக்கு இது பெரிய துணை.

அதுவும் போதாத நிலை வந்தால் இல்லத்தைத் தேடுவதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் போய்ப் பார்ப்பது சாயங்காலமாக இருக்கட்டும். குழப்பம் கூடும் நேரம் அதுதான். ஒருவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார்? இரவில் எத்தனை பேர்? தூக்க மருந்து யார் சொல்லித் தருகிறார்கள்? நினைத்தபோது வந்து பார்க்கலாமா? இவற்றைக் கேளுங்கள். வீட்டிலிருந்து எத்தனை தூரம் என்பதும் முக்கியம். கட்டணம் குறைவென்று எட்டாத இடத்தில் சேர்த்துவிட்டு மாதக்கணக்கில் போகாமல் இருந்தால், மிச்சம் பிடித்த பணத்தைவிட இழந்தது அதிகம்.

தராசின் ஒரு தட்டில் இல்லத்தின் கட்டணத்தை வைக்கும்போது, மறு தட்டில் வீட்டுப் பெண்ணின் உடம்பையும் உறக்கத்தையும் சேர்த்து வையுங்கள். அப்புறம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது நியாயமான முடிவுதான்.