தஞ்சாவூர்: 60 மாதத்தில் 26 மாதம் எம்.எல்.ஏ. இல்லை

கட்சி மாறிய எம்.எல்.ஏ.க்களால் இடைத்தேர்தல் வரும்போதெல்லாம் டீக்கடையிலும் டிவியிலும் ஒரே கேள்விதான்: "மக்கள் இவங்களைத் தண்டிப்பாங்களா, மன்னிப்பாங்களா?" எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தத் தேர்தல் வரும்வரை தொகுதி யார் பொறுப்பில் இருந்தது? இதற்கு உதாரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். நாகூர்க்காரனான எனக்குப் பக்கத்து மாவட்டம்தான்: தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதி, 2016 முதல் 2021 வரை.

முதலில் காலண்டரை மட்டும் பார்ப்போம்.

2016 மே மாதம் தமிழ்நாடு முழுக்கத் தேர்தல் நடந்தது. பணப் பட்டுவாடா புகார்களால் தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் மட்டும் வாக்குப்பதிவு தள்ளிப்போய், கடைசியில் ரத்தானது. நவம்பர் 19-ல்தான் தஞ்சாவூர் வாக்களித்தது, அதிமுகவின் எம். ரெங்கசாமி ஜெயித்தார். 2017 செப்டம்பர் 18-ல் அவர் உட்பட 18 எம்.எல்.ஏ.க்களைப் பேரவைத் தலைவர் ப. தனபால் தகுதிநீக்கம் செய்தார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18-ல். முடிவு மே 23-ல். திமுகவின் டி.கே.ஜி. நீலமேகம் வென்றார். 2021 மேயில் மறுபடி பொதுத்தேர்தல் முடிவு.

கூட்டிப் பாருங்கள். ஆறு மாதம் காலி, பத்து மாதம் ரெங்கசாமி, இருபது மாதம் காலி, இருபத்துநாலு மாதம் நீலமேகம். அறுபதில் இருபத்தாறு மாதம் அந்தத் தொகுதியின் நாற்காலி காலியாக இருந்திருக்கிறது. முதல் ஆறு மாதம் பணப் பட்டுவாடாவின் விளைவு. மிச்ச இருபது மாதம்தான் நம் விஷயம்.

சரி, அந்த 18 பேர் என்ன செய்தார்கள்? வேறு கட்சியில் சேரவில்லை. சட்டமன்றத்தில் கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கவும் இல்லை. 2017 ஆகஸ்ட் 22-ல், டி.டி.வி. தினகரன் ஆதரவாளர்களாக, முதல்வர் எடப்பாடி பழனிசாமி மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். 1985-ல் வந்த அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித்தாவல் தடைச் சட்டம், இரண்டு வழிகளில் பதவியைப் பறிக்கும். ஒன்று, கட்சி உறுப்பினர் தகுதியைத் தானாகவே விட்டுக்கொடுப்பது. இன்னொன்று, கொறடா உத்தரவுக்கு எதிராக வாக்களிப்பது. கடிதம் கொடுத்ததே முதல் வகையில் வரும் என்றார் பேரவைத் தலைவர்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அப்போது அதிமுக சின்னத்தில் ஜெயித்தவர்கள் பேரவைத் தலைவரையும் சேர்த்து 135 பேர். எங்கள் நாகப்பட்டினம் எம்.எல்.ஏ. தமிமுன் அன்சாரி மனிதநேய ஜனநாயக கட்சிக்காரர். ஆனால் இரட்டை இலையில் நின்று ஜெயித்ததால் அவரும் இந்தக் கணக்கில்தான். எதிரே திமுக 89, காங்கிரஸ் 8, முஸ்லிம் லீக் 1, மொத்தம் 98. ஜெயலலிதாவின் ஆர்.கே. நகர் காலி. இப்போது அந்த 18 பேரும் எதிர்த்து வாக்களித்தால்? அரசுக்குப் பேரவைத் தலைவர் தவிர 116, எதிர்ப்புக்கு 116. பேரவைத் தலைவரின் ஒற்றை வாக்கில் ஆட்சி தொங்கும். யாராவது ஒருவர் மனசு மாறினாலும் போச்சு. 18 பேரை நீக்கிவிட்டால் அதே கணக்கு 116-க்கு 98. தகுதிநீக்கம் செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்று இப்போது புரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2017 பிப்ரவரி 18-ல் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ. பன்னீர்செல்வமும் அவருடைய ஆதரவாளர்களுமாக 11 பேர் அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். சட்டத்தின் இரண்டாவது வகைக்கு இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது. ஆகஸ்டில் இரு அணிகளும் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். அந்த 11 பேர் மீதான வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2020 பிப்ரவரியில், முடிவெடுக்க வேண்டியவர் பேரவைத் தலைவர்தான் என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. பதவிக்காலம் முடியும்வரை அவர்கள் யார் பதவியும் போகவில்லை. கடிதம் கொடுத்தவர்கள் விஷயத்தில் நாலு வாரத்தில் முடிவு. எதிர்த்து வாக்களித்தவர்கள் விஷயத்தில் நாலு வருஷம் ஆகியும் பதவி பத்திரம். இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான்.

அப்புறம் ஏன் இருபது மாதம்? இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு. ஆனால் தகுதிநீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட்டதும், இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. நியாயமான உத்தரவுதான். தகுதிநீக்கம் செல்லாது என்று பின்னால் தீர்ப்பு வந்தால் ஒரே தொகுதிக்கு ரெண்டு எம்.எல்.ஏ. ஆகிவிடுமே! ஆனால் 2018 ஜூன் 14-ல் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு கொடுத்தார்கள். மூன்றாவது நீதிபதி எம். சத்தியநாராயணன் அக்டோபர் 25-ல் தகுதிநீக்கம் செல்லும் என்றார். அதற்குப் பிறகுதான் தேர்தலுக்கு வழி திறந்தது.

அடுத்த மூன்றாவது வாரம், நவம்பர் 16-ல், கஜா புயல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி என்று தென்னையைச் சாய்த்துக்கொண்டே போனது. அன்றைக்குத் தஞ்சாவூருக்கும் எம்.எல்.ஏ. இல்லை; கருணாநிதி மறைவால் திருவாரூருக்கும் இல்லை. திருவாரூருக்கு 2019 ஜனவரி 28 என்று தேர்தல் அறிவித்து, நிவாரண வேலை நடக்கிறது என்று அதையும் ரத்து செய்தார்கள். எம்.எல்.ஏ. இருந்திருந்தால் புயல் நின்றிருக்காது. ஆனால் நிவாரணப் பட்டியலில் பேர் விட்டுப்போச்சு என்று சொல்ல ஒரு வாசல் இருந்திருக்கும். சட்டமன்றத்தில் எழுந்து கேட்க ஒரு ஆள் இருந்திருப்பார்.

கடைசியில் "மக்கள் தீர்ப்பு" வந்ததே, அது என்ன சொன்னது? மொத்தம் 22 தொகுதிகளில் திமுக 13, அதிமுக 9. அந்த 9 போதும், ஆட்சி தப்பியது. தகுதிநீக்கம் ஆனவர்களில் பெரும்பாலோர் தினகரனின் அமமுகவில் நின்றார்கள். ஒருவரும் ஜெயிக்கவில்லை, ரெங்கசாமி உட்பட. ஜெயித்தவர் திமுகவுக்குப் போய் அரவக்குறிச்சியில் நின்ற செந்தில் பாலாஜி ஒருவர்தான். அதே 2019 டிசம்பரில் கர்நாடகத்தில், தகுதிநீக்கமான 13 பேர் பாஜகவில் நின்று 11 பேர் ஜெயித்தார்கள். பெரிய கட்சியின் சின்னம் கையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், இல்லாதவர்கள் போனார்கள். கட்சி மாறியது சரியா தப்பா என்று இதிலிருந்து தீர்ப்பைப் படிப்பது கஷ்டம்.

என் தொழிலில், பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று எல்லை வைக்காமல் ஒரு கோரிக்கையையும் அனுப்பமாட்டோம். இங்கே சங்கிலியில் மூன்று கண்ணிகள்: பேரவைத் தலைவர், நீதிமன்றம், தேர்தல் ஆணையம். சட்டம் காலக்கெடு வைத்திருப்பது மூன்றாவதுக்கு மட்டும்தான். மணிப்பூர் வழக்கொன்றில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பேரவைத் தலைவர் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றது. இந்த அதிகாரத்தை ஒரு சுதந்திரமான தீர்ப்பாயத்திடம் கொடுப்பதைப் பற்றி நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்றும் சொன்னது. அதோடு, தகுதிநீக்க வழக்குகளை இத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்கும் ஒரு வரம்பு வந்தால் போதும். கட்சி மாறுகிறவர்களை அது தடுக்காது. ஆனால் அவர்கள் மாறியதற்கான அபராதத்தைத் தொகுதிக்காரர்கள் கட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.