அழகின் இலக்கணம் – 9: மயிலம்மை வீட்டு விருந்து

உருவத்தைத் தாண்டிய அழகு இன்னொருவர் வந்து நிற்கும்போதுதான் வெளிப்படுகிறது. பசித்தவர் வரும்போது, கைமாற்று கேட்டு ஒருவர் வரும்போது, முன்பின் தெரியாதவர் வாசலில் நிற்கும்போது ஒரு மனிதர் என்ன செய்கிறார் என்பதில் அது இருக்கிறது. கண்ணாடிக்கு அதைக் காட்டத் தெரியாது. கல்வி தரும் அழகைப் பற்றி நாலடியார் சொல்வதைச் சென்ற வாரமே பார்த்தாயிற்று. இந்த வாரத்துக்கு அறிவித்திருந்தது இன்சொல். ஆனால் அங்கே போகும் வழியில் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு வீடு இருக்கிறது. அதைத் தாண்டிப் போக மனம் வராது.

பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணி பாபநாசத்தில் சமவெளியைத் தொடுகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் விக்கிரமசிங்கபுரம். இன்று அந்த ஊரின் பெயரைச் சொன்னால் பலருக்கும் பஞ்சாலைதான் நினைவுக்கு வரும். ஆலை வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, 18-ஆம் நூற்றாண்டில், அங்கே ஆனந்தக்கூத்தர் – மயிலம்மை தம்பதியர் வாழ்ந்தார்கள். அவர்கள் மகன் முக்களாலிங்கர். பின்னாளில் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதி, 1785-இல் மறைந்த சிவஞான முனிவர் இவர்தான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த பையன் எதிரே வந்த திருவாவடுதுறை ஆதீனத்துத் துறவிகளைப் பார்க்கிறான். காலில் விழுந்து வணங்கி, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்று அழைத்துவிடுகிறான். வீட்டில் அப்பா இல்லை. திடீரென்று வாசலில் துறவிகள் கூட்டம். அழைத்து வந்தவன் சிறுபிள்ளை. மயிலம்மை முகம் சுளிக்கவில்லை, கணவர் வரட்டும் என்று அவர்களைத் திண்ணையில் காக்கவைக்கவும் இல்லை. வந்தவர்களை வரவேற்று, இலை போட்டு, வயிறார அமுது படைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் தன் தாயைப் புகழ்ந்து ஒரு வெண்பா சொன்னான் என்பது வழிவழியாக வரும் வரலாறு. ஆனந்தக்கூத்தர் வந்து நடந்ததை அறிந்து மகிழ்ந்தார். மகன் துறவிகளுடன் போக விரும்பினான். பெற்றோர் சம்மதித்து அனுப்பினார்கள். சுசீந்திரத்தில் இருந்த பின்வேலப்ப தேசிகரிடம் தீட்சை பெற்று அவன் சிவஞானம் ஆனான்.

அந்த வெண்பாவில் தாயின் நிறம் இல்லை, கண் இல்லை, கூந்தல் இல்லை. அருந்ததிக்கு நிகரானவள், அடியாருக்கு அமுது படைப்பவள், கணவர் மனம் மகிழத் தொண்டு செய்பவள், மானம் குன்றாதவள் என்று அவர் செய்கையும் குணமும் மட்டுமே வருகின்றன. எல்லாப் பிள்ளைக்கும் தன் அம்மா அழகிதான். இந்தப் பிள்ளைக்கு அந்த அழகு அவர் பரிமாறிய கையில் தெரிந்தது. மயிலம்மையிடம் கவனிக்க வேண்டியது உணவின் அளவோ சுவையோ அல்ல. கேட்டுச் சொல்ல யாரும் இல்லாத அந்த நேரத்தில், சிறுவன் கொடுத்த வாக்கைத் தன் வாக்காக எடுத்துக்கொண்டார். விருந்தினர் எதிரில் பிள்ளையின் சொல் தரையில் விழாமல் காத்தது அந்த முடிவு.

இந்த இடத்தில் தென்காசி அரசர் அதிவீரராம பாண்டியரை அழைத்தே ஆக வேண்டும். விக்கிரமசிங்கபுரத்துக்கு வடக்கே, தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றுக் கரையில் 1564-இல் அரியணை ஏறியவர். அவர் எழுதிய வெற்றிவேற்கைக்கு நறுந்தொகை என்றும் பெயர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த சிறு நூல். அதில் யாருக்கு எது அழகு என்று ஒரு வரிசை வருகிறது. செல்வருக்கு அழகு சுற்றத்தைத் தாங்குவது. அரசருக்கு முறை தவறாத ஆட்சி. உழவருக்குத் தன் உழைப்பில் உண்பது. அமைச்சருக்கு, வரப்போவதை முன்கூட்டிச் சொல்வது. கற்றவருக்கு அடக்கம். வறியவருக்கு, அந்த வறுமையிலும் நேர்மை குலையாமல் இருப்பது. மேனியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் உண்டு; அது விலைமகளுக்குச் சொன்னது. மேனியை மினுக்குவதை ஒரு தொழிலின் தேவையாக மட்டும் வைத்துவிட்டு, மற்ற எல்லோருக்கும் நடத்தையையே அழகாகச் சொன்ன ஒரு பட்டியலைப் பாண்டிய அரசர் ஒருவர் எழுதி, அதை ஊர்ப் பிள்ளைகள் அரிச்சுவடியோடு படித்திருக்கிறார்கள்! அதே மண்ணில்தான் 1975-இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ பல தலைமுறைப் பெண்களுக்கு வெளுப்பே அழகு என்று சொல்லிக்கொடுத்தது. 2020-இல் அந்தப் பெயர் மாறியது. மணமகள் தேவை விளம்பரங்களில் நிறம் இன்னும் மாறவில்லை.

அரசரின் பட்டியலை முழுவதுமாக ஏற்க முடியாது. அது பழைய வருண வரிசையில் நடக்கிறது. பெண்களுக்கு அழகு எதிர்த்துப் பேசாதிருப்பது என்கிறது. அந்த வரியை இன்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. யாரும் சொல்லாமல் தானே முடிவெடுத்த மயிலம்மையை அதன் பக்கத்தில் நிறுத்தினால் போதும், அந்த வரி நிற்காது. வறியவரின் செம்மையைப் பற்றிச் சொன்னது மட்டும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும். ஆலைக் கூலியிலும் வயல் கூலியிலும் கடனை நாணயமாக அடைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் தாமிரபரணிக் கரையில் தெருவுக்குத் தெரு உண்டு. மனுசன்னா அவரு மனுசன் என்று ஊர் சொல்வது அவர்களைத்தான்.

இதே அரசர் எழுதிய இன்னொரு நூல் நைடதம். புலவர்க்கு ஔடதம் என்று புகழப்பட்ட அந்தக் காப்பியத்தில் உடலழகு வெள்ளமாக ஓடுகிறது. வடமொழியில் ஸ்ரீஹர்ஷர் திருமணத்தோடு நிறுத்திய நளன் கதையைத் தமிழில் இவர் இறுதிவரை கொண்டுபோனார். கதையை முழுதாகப் பார்த்தால்தான் அதற்குள் இருக்கும் பெரும் வியப்பு தெரியும். தமயந்தி நளனை இரண்டு முறை அடையாளம் காண வேண்டியிருக்கிறது. முதல்முறை சுயம்வர மண்டபத்தில். தேவர்கள் நால்வர் நளனின் உருவத்தையே எடுத்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் ஒரே முகம், ஒரே மார்பு, ஒரே பேரழகு. அழகை வைத்துத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. அவள் பார்ப்பது வேறு: தேவர்களுக்குக் கண் இமைக்காது, கால் நிலத்தில் படாது, மாலை வாடாது. இமைத்த கண்ணும், மண்ணை மிதித்த பாதமும், வாடிய மாலையும் யாருக்கு இருந்தனவோ அவன் கழுத்தில் அவள் மாலை விழுகிறது. குறைவில்லாத நான்கு அழகுகளை ஒதுக்கி, மனிதனுக்கே உரிய வாட்டத்தை அவள் தேர்ந்தெடுக்கிறாள்.

இரண்டாம் முறை நிலைமை தலைகீழ். சூதில் நாடிழந்த நளன், காட்டுத்தீயில் சிக்கிய கார்க்கோடகன் என்ற பாம்பைக் காப்பாற்றுகிறான். அது கடித்து அவன் உருவமே திரிந்துபோகிறது. அழகே இல்லாத வாகுகனாக, இருதுபன்னன் என்ற அயோத்தி அரசனிடம் தேரோட்டியாகவும் சமையல்காரனாகவும் வேலை பார்க்கிறான். அந்த உருவத்தோடுதான் தமயந்தி இருக்கும் ஊருக்கு வருகிறான். முகம் பொய் சொல்கிறது. ஆனால் குதிரைகளை அவன் ஓட்டிய வேகம் பொய் சொல்லவில்லை, அவன் ஆக்கிய உணவின் சுவை பொய் சொல்லவில்லை, தன் பிள்ளைகளைக் கண்டதும் கலங்கிய கண் பொய் சொல்லவில்லை. தமயந்தி அவற்றைக்கொண்டே அவனைக் கண்டுபிடிக்கிறாள். வெற்றிவேற்கையில் பட்டியலாகச் சொன்னதையே அரசர் இங்கே கதையாகச் சொல்லியிருக்கிறார் என்று கொள்ளலாம்.

உருவத்தில் குறைந்தவரைத் தலைமேல் வைக்கும் வழக்கம் இந்த மலையடிவாரத்துக்குப் புதிதல்ல. பொதிகையின் முனிவர் அகத்தியரே குறுமுனி. கயிலையில் இறைவனின் திருமணத்துக்கு எல்லோரும் திரண்டதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தபோது, உலகைச் சமன்செய்ய அந்தக் குள்ளமானவரைத்தான் அனுப்பினார்கள் என்பது புராணம். திருமணத்தைக் காணமுடியாமல் வந்தவருக்கு மணக்கோலத்திலேயே காட்சி கொடுத்த தலம் பாபநாசம். கோயிலுக்கு மேலே மலையில் அருவியும் அகத்தியர் பெயரில்தான் விழுகிறது.

மயிலம்மையின் மகனுக்குத் திரும்பினால், தாயிடம் பார்த்தது அவரோடு கூடவே வந்திருப்பது தெரியும். திருப்பாதிரிப்புலியூரில் ஓர் ஈற்றடியைக் கொடுத்து, அதை வைத்துப் பாட்டை முடிப்பவருக்குப் பொன் பரிசு என்று அறிவித்திருந்தார்களாம். வறுமையில் இருந்த ஒருவர் அந்தப் பரிசு கிடைக்காதா என்று ஏங்கினார். சிவஞான முனிவர் பாட்டை முடித்து அவர் கையில் கொடுத்துவிட்டார். பொன் அந்த வறியவருக்குப் போனது. முனிவர் வாழ்வில் செவிவழியாக வழங்கும் செய்தி இது. பணத்தைத் தருவது பலருக்கும் கைகூடும். ஒரு புலவர் தன் பாட்டையும் அதனால் வரும் பெயரையும் சேர்த்துத் தருவது மிக அரிது. குறளின் 133 அதிகாரத்துக்கும் ஒவ்வொரு வெண்பாவாக, ஒவ்வொரு வரலாற்றோடு பொருத்தி அவர் பாடிய சோமேசர் முதுமொழி வெண்பாவும் இந்த இயல்பிலிருந்து பிறந்ததுதான். அறத்தை விளக்க வேண்டிய இடத்தில் அவர் மனிதர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

வாதம் என்று வந்துவிட்டால் இதே முனிவரின் எழுத்து அனல் பறக்கும். ‘இலக்கண விளக்கம்’ என்ற நூலை மறுத்து எழுதிய நூலுக்கு அவர் வைத்த பெயர் ‘இலக்கண விளக்கச் சூறாவளி’. அடியவருக்கு இளகும் மனமும் ஏட்டில் சுடும் சொல்லும் ஒருவரிடமே இருக்க முடியுமா, இன்சொல் என்பது மென்மையான சொல் மட்டும்தானா என்ற கேள்விக்கு இந்த வாரம் இடம் போதவில்லை. அடுத்த வாரம் அதையும், அதே விக்கிரமசிங்கபுரத்து நமச்சிவாயக் கவிராயரையும் பார்க்கலாம். அவர் வெற்றிலை மென்றபடி பாடிக்கொண்டு நடக்க, பின்னாலேயே கேட்டு வந்த பாபநாசத்து உலகம்மையின் சேலையில் தாம்பூலக் கறை படிந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு.